மாறியின் பழைய மதிப்பைத் திரும்பப் பெறுவது: உங்கள் அனுபவம் என்ன?

முதலில் நானே தொடங்குகிறேன். ஒரு நிரலில் அமைப்புகளை மாற்றும் பக்கம் ஒன்று. 'ரத்து' பொத்தானை அழுத்தினால் எல்லாம் பழையபடி ஆக வேண்டும், ஆகவில்லை. வேறொருவர் பைத்தானில் எழுதி, பராமரிப்புக்கு என்னிடம் வந்த கோட் அது. பக்கம் திறக்கும் இடத்தில் பழையது = அமைப்பு என்று ஒரு வரி. படிக்கிறவருக்கு நகல் எடுத்து வைத்தது போலத்தான் தெரியும். ஆனால் பைத்தான் அங்கே நகல் எடுப்பதில்லை, அதே டிக்‌ஷனரிக்கு (சாவி-மதிப்பு ஜோடிகளின் தொகுப்பு) இன்னொரு பெயர் வைக்கிறது, அவ்வளவுதான். இரண்டுக்கும் ஐடி() (பொருளின் அடையாள எண்ணைத் தருவது) போட்டுப் பார்த்தால் ஒரே எண் வரும்.

காப்பி() போட்டதும் பாதி சரியானது. எழுத்தின் அளவு, நிறம் எல்லாம் திரும்பின. கடைசியாகத் திறந்த கோப்புகளின் பட்டியல் மட்டும் திரும்பவில்லை. காப்பி() மேலடுக்கை மட்டுமே நகலெடுக்கும், உள்ளே இருக்கும் பட்டியல் இரண்டுக்கும் பொது. உள்ளே இருப்பதையும் சேர்த்து நகலெடுக்கும் டீப்காப்பி() போட்ட பிறகு முழுக்கச் சரியாகிவிட்டது. சின்ன தரவுக்கு இதுவே போதும், இதற்கு மேல் எதையும் கட்டாதீர்கள்.

தரவு பெரிதாக இருந்து, ஒவ்வொரு மாற்றத்துக்கும் முழு நகல் எடுத்தால் மெமரி தாங்காது. அப்போது மாற்றத்தை மட்டும் குறித்து வைக்க வேண்டும்: எந்தச் சாவி, முன்பு என்ன மதிப்பு. புதியது உள்ளே போவதற்கு முன் பழையதை ஸ்டேக்கில் தள்ளிவிடுங்கள், திருப்பும்போது கடைசியில் போட்டதை முதலில் எடுங்கள்.

இங்கே பலர் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. 'முன்பு அந்தச் சாவியே இல்லை' என்பதும் 'முன்பு அதில் நன் (None, பைத்தானில் வெற்று மதிப்பு) இருந்தது' என்பதும் ஒன்றல்ல. முதலாவதில் சாவியையே நீக்க வேண்டும், இரண்டாவதில் நன்-ஐ மறுபடி வைக்க வேண்டும். கெட்() கொண்டு பழைய மதிப்பை எடுத்தால் இரண்டுக்கும் நன் தான் வரும். 'இல்லை' என்பதற்கு அடையாளமாகத் தனியே ஒரு ஆப்ஜெக்ட் உருவாக்கி அதை ஸ்டேக்கில் போட்டால் குழப்பம் தீரும். அப்புறம், அன்டூ (திருப்புதல்) செய்தபின் யாராவது புதிதாக எதையாவது மாற்றினால், திருப்பியதை மறுபடி செய்வதற்கான ரீடூ ஸ்டேக்கைக் காலி செய்ய மறக்காதீர்கள்.

* * *

கொஞ்ச நேரத்துக்கு மட்டும் மாற்றித் திருப்ப வேண்டுமென்றால் ஸ்டேக் எல்லாம் வேண்டாம் நண்பரே. பெர்ல் மொழியில் குளோபல் மாறிக்கு (நிரல் முழுக்கத் தெரியும் மாறி) முன்னால் லோக்கல் போட்டால், அந்த பிளாக் முடிந்ததும் பழைய மதிப்பு தானாக வந்துவிடும், நடுவில் பிழை வந்து வெளியேறினாலும் சரி. பைத்தானில் நான், பிழை வந்தாலும் ஓடும் ஃபைனலி பகுதியில் திருப்புவேன். பைத்தான் 3.7 முதல் கான்டெக்ஸ்ட்வார் என்ற மாறி வகையும் இருக்கிறது. செட்() ஒரு டோக்கனைத் தரும், அதை ரீசெட்()-இடம் கொடுத்தால் முந்தைய நிலை வந்துவிடும். முன்பு மதிப்பே வைக்கப்படவில்லை என்றால் அந்த நிலைக்கே போகும், நீங்கள் சொன்ன அடையாள ஆப்ஜெக்ட் வேலையை அதுவே பார்த்துக்கொள்கிறது.

* * *

என்னுடையது வேறு மாதிரி. திருப்புவது இருக்கட்டும், யார் மாற்றினார்கள் என்றே தெரியாத கதை. சி மொழியில் ஒரு குளோபல் மாறி, எண்ணிக்கை வைப்பதற்கு. திடீர் திடீரென்று கன்னாபின்னா எண் வரும். அந்தப் பெயர் வருகிற இடமெல்லாம் தேடிப் பார்த்தோம், ஒன்றிலும் தப்பில்லை.

ஜிடிபியில் (பிழை தேடும் கருவி) அதன் மேல் வாட்ச் (மதிப்பு மாறினால் நிரலை நிறுத்தும் கண்காணிப்பு) வைத்து ஓடவிட்டோம். பழைய மதிப்பு, புதிய மதிப்பு இரண்டையும் காட்டி அது நின்ற இடம், சம்பந்தமே இல்லாத ஒரு கோப்பில் எழுத்துகளை நகலெடுக்கும் லூப். அது தன் அர்ரேயின் எல்லையைத் தாண்டி, மெமரியில் அடுத்து இருந்த நம் மாறியின் மேல் எழுதிக்கொண்டிருந்தது. பெயரைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்? வாட்ச் பார்ப்பது முகவரியை. எக்ஸ்86 செயலியில் இதற்கு 4 முகவரிகளுக்குத்தான் இடம், அதனால் எதைக் கண்காணிப்பது என்று யோசித்துத் தேர்ந்தெடுங்கள்.

எப்போதாவது ஒருமுறை வரும் பிழை என்றால் லினக்ஸில் ஆர்ஆர் கருவியை முயன்று பாருங்கள். ஓட்டத்தைப் பதிவு செய்துவிட்டு, கெட்ட மதிப்பு தெரியும் இடத்தில் நின்று, வாட்ச் வைத்து, ரிவர்ஸ்-கன்டினியூ கொடுத்தால் கடைசியாக அதில் எழுதிய வரிக்கே பின்னோக்கிப் போய் நிற்கும். எல்லா த்ரெட்களையும் (நிரலுக்குள் இணையாக ஓடும் பகுதிகள்) செயலியின் ஒரே கோரில் ஓட்டுவதால் பல த்ரெட் நிரல்கள் மெதுவாகத்தான் ஓடும். ஆனால் பிழை ஒருமுறை பதிவில் சிக்கிவிட்டால், எத்தனை தடவை ஓட்டினாலும் அதே இடத்தில், அதே முகவரியில் வரும்.