பழைய ஸ்போர்ட்ஸ் கார் எடுத்து சரி பண்ணவங்க அனுபவத்த சொல்லுங்க, என்னோடது மழைத்தண்ணி கதை

1991 மாடல் மாஸ்டா மியாட்டா ஒண்ணு எடுத்து மூணு வருஷமா நோண்டிட்டு இருக்கேன். லைட்டு மேல எழும்பி வருமே அந்த முதல் தலைமுறை வண்டி, 1.6 லிட்டர் இன்ஜின், அஞ்சு கியர், மேல துணி ரூஃப். இந்த மாதிரி வண்டி எடுக்கணும்னு ஆசைப்படுறவங்க முதல்ல கேக்குறது என்ன வீல் போடலாம், எவ்ளோ தாழ்த்தலாம், என்ன எக்ஸாஸ்ட் போடலாம்னு தான், நானும் அதே லிஸ்ட்டோட தான் ஆரம்பிச்சேன். ஆனா அதுக்கெல்லாம் முன்னாடி வண்டிக்குள்ள விழுற தண்ணி எந்த வழியா வெளிய போகுதுன்னு பாருங்க, அத சொல்லத்தான் இத எழுதுறேன்.

எடுக்கும்போது வண்டி பளபளன்னு இருந்துச்சு. சிவப்பு பெயின்ட்ல ஒரு கீறல் இல்ல, ஒரே கிராங்க்ல ஸ்டார்ட் ஆச்சு, இன்ஜின் சத்தமும் சுத்தமா இருந்துச்சு. ஒரே ஒரு விஷயம், கதவ திறந்தா ஈரத்துணிய மடிச்சு வச்ச மாதிரி ஒரு வாடை. பழைய வண்டின்னா அப்படித்தான் இருக்கும்னு விட்டுட்டேன், அங்க தான் தப்பு பண்ணேன்.

ஒரு மாசம் கழிச்சு கார்பெட் கழுவலாம்னு சீட்ட கழட்டினா பின்னாடி கார்பெட் புழிஞ்சா தண்ணி வர்ற அளவுக்கு ஊறி கிடக்கு. இந்த வண்டில துணி ரூஃப் மேல விழுற தண்ணி பின்பக்கம் ஒரு ரப்பர் வாய்க்கால்ல சேர்ந்து, சீட் பெல்ட்டுக்குப் பின்னாடி ரெண்டு பக்கமும் இருக்குற ஓட்டை வழியா ஒரு குழாய்ல இறங்கி, பின் சக்கரத்துக்கு முன்னாடி அடியில வெளிய போகணும். அந்தக் குழாய்ல இலை, மண்ணு, துணி நூலுன்னு அடைச்சுக்கிட்டா தண்ணிக்கு போக வழி இல்ல, கார்பெட்டுக்கும் கதவுக்கு கீழ பெட்டி மாதிரி ஓடுற இரும்புப் பகுதி, சில்லுன்னு சொல்லுவாங்க, அதுக்குள்ளயும் தான் போகும். நான் மேல இருந்து அர லிட்டர் தண்ணி ஊத்திப் பார்த்தேன், இடது பக்கம் உடனே கீழ ஒழுகுச்சு, வலது பக்கம் ஒரு சொட்டு கூட வரல. புல்லு வெட்டுற மிஷின்ல போடுற நைலான் கம்பிய மெதுவா விட்டு ஆட்டினேன், கருப்பா சேறு பொத்துன்னு விழுந்துச்சு, அதுக்கு அப்புறம் தண்ணி ரொம்ப நேரம் ஓடிட்டே இருந்துச்சு. கம்பின்னா இரும்புக் கம்பி விடாதீங்க, குழாய் கிழிஞ்சுடும்.

சரி முடிஞ்சுதுன்னு நினைச்சு வலது பக்கம் ஜாக்கி வச்சேன். கறுக்குன்னு ஒரு சத்தம். வண்டி மேல வரல, ஜாக்கி தான் உள்ள போச்சு. பின் சக்கரத்துக்கு முன்னாடி பெயின்ட்ல காசு அளவுக்கு ஒரு சின்ன கொப்புளம் இருந்துச்சு, அதுல ஸ்க்ரூ டிரைவர வச்சு லேசா அழுத்தினேன், கைப்பிடி வரைக்கும் உள்ள போயிடுச்சு. துரு மேல பட்டி போட்டு தேச்சு பெயின்ட் அடிச்சு வச்சிருக்காங்க, யாரு எப்ப பண்ணாங்கன்னு தெரியாது. வாங்கும்போது ஒரு காந்தத்த துணில சுத்தி அந்த இடத்துல வச்சுப் பார்த்திருந்தா ஒட்டாம விழுந்திருக்கும், அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்.

டிங்கரிங் பண்ற அண்ணன் வந்து பார்த்துட்டு ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம், "தம்பி, இது வெளிய இருந்து வந்த துரு இல்ல, உள்ள இருந்து தின்னுட்டு வெளிய வந்திருக்கு. மேல தகடு வச்சு மூடித் தரேன்னு எவன் சொன்னாலும் கேக்காத, நல்ல இரும்பு வர்ற வரைக்கும் வெட்டித்தான் ஆகணும்"னார். வெட்டுறதுக்கு முன்னாடி கதவு நிக்கிற இடத்துல குறுக்க ஆங்கிள் வச்சு வெல்டிங் அடிச்சார். மேல இரும்புக் கூரை இல்லாத வண்டி, அதோட பலமே அந்த சில்லுல தான் இருக்கு, சும்மா வெட்டினா பாடி நடுவுல தொங்கிடும், அப்புறம் கதவு சாத்தவே சாத்தாது. ஒவ்வொரு தகடு வச்சதும் கதவ சாத்தி இடைவெளி அளந்து அளந்து தான் அடுத்தத வச்சார், அந்தப் பொறுமைய பக்கத்துல நின்னு பார்த்தது எனக்கு வண்டிய விட பெரிய சந்தோஷம். முடிச்சதும் உள்ள மெழுகு ஸ்ப்ரே அடிச்சோம், சில்லுக்கு அடியில இருக்குற சின்ன ஓட்டைங்கள மட்டும் அடைக்காம விட்டோம்.

அதுக்கு அப்புறம் தான் என் லிஸ்ட். 17 இன்ச் வீலும் வண்டிய நல்லா தாழ்த்துற காயிலோவரும் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒண்ணா சேர்ந்தது) போட்டேன். நிக்கும்போது பார்க்க அம்சமா இருந்துச்சு, ஓட்டும்போது வேற வண்டி மாதிரி ஆயிடுச்சு, ஸ்டியரிங் மந்தமாச்சு, சின்ன பள்ளத்துக்கே டேஷ்போர்டு நடுங்குது. ஒரு டன்னுக்கும் குறைவான வண்டி இது, கம்பெனில 14 இன்ச் வீல் போட்டு தான் வந்துச்சு, அத ஒரு கையில தூக்கிடலாம். ரெண்டு மாசத்துல கழட்டிட்டு வெயிட் கம்மியான 15 இன்ச் போட்டு, ஹைட்ட ஏத்தி, காஞ்சு போன சஸ்பென்ஷன் ரப்பர் புஷ் எல்லாத்தையும் புதுசா மாத்தினேன். வெளிய இருந்து பார்த்தா எதுவும் மாத்தின மாதிரியே தெரியாது, ஆனா முதல் வளைவுலயே வண்டி கை சொல்றத கேட்டுச்சு பாருங்க, அத எழுத்துல சொல்ல தெரியல.

* * *

ப்ரோ அருமை, என்கிட்டயும் 1990 இருக்கு. பின் கண்ணாடிய பத்தி நீங்க சொல்லல, அது பிளாஸ்டிக், ரூஃப மடிக்கிறதுக்கு முன்னாடி ஜிப்ப திறந்து கண்ணாடிய தட்டையா படுக்க வைக்கணும். நான் குளிர்ல அவசரமா அப்படியே மடிச்சேன், நடுவுல கோடு விழுந்து அடுத்த வாரமே கிழிஞ்சுது. அப்புறம் லைட்டு ஒரு பக்கம் எழும்பலன்னா பயப்பட வேணாம், பானெட்டுக்குள்ள லைட் மோட்டார் மேல ஒரு ரப்பர் மூடி இருக்கும், அத எடுத்துட்டு அடியில இருக்குற குமிழ கையால திருகினா எழும்பிடும், ராத்திரில ரொம்ப உதவும்.

* * *

தம்பி, 1991ன்னு சொன்னதால ஒண்ணு கேக்குறேன், இன்ஜின் முன்னாடி கிராங்க் ஷாஃப்ட் நுனியில பெல்ட் ஓடுற சக்கரம், அந்த கிராங்க் புல்லி நடுவுல எத்தன வெட்டு இருக்குன்னு பார்த்தியா? நாலு இருந்தா நுனி குட்டையான சின்ன மூக்கு கிராங்க், எட்டு இருந்தா பின்னாடி வந்த நீள மூக்கு. நாலு வெட்டுன்னா புல்லிய பிடிச்சிருக்குற நடு போல்ட்ட டார்க் ரெஞ்ச் (எவ்ளோ டைட்டுன்னு அளவு காட்டுற ஸ்பேனர்) வச்சு சரியான அளவுல தான் டைட் வைக்கணும். என் வண்டில எனக்கு முன்னாடி யாரோ டைமிங் பெல்ட் மாத்திட்டு போல்ட்ட சரியா டைட் வைக்காம விட்டுட்டாங்க, கிராங்கோட சேத்து பூட்டுற சின்ன இரும்புத் துண்டு, அந்தக் கீ ஆடி ஆடி, கிராங்க்ல அது உக்கார்ற பள்ளத்தையே தின்னுடுச்சு, பவர் கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்சுது, நான் ஆறு மாசம் பிளக், வயர்னு மாத்திட்டு இருந்தேன். இன்ஜின் ஐடில்ல இருக்கும்போது புல்லி கோணலா ஆடுதான்னு முன்னாடி நின்னு பாரு.

* * *

அண்ணா ரொம்ப நன்றி. படிச்ச உடனே டார்ச் எடுத்துட்டு போய் குனிஞ்சு பார்த்தேன், நாலு வெட்டு தான். ஸ்டார்ட் பண்ணி ஐடில்ல விட்டுப் பார்த்தேன், ஆட்டம் இல்ல, நேரா தான் சுத்துது. இருந்தாலும் பெல்ட் எப்ப மாத்தினாங்கன்னு என்கிட்ட எந்தப் பேப்பரும் இல்ல, சனிக்கிழமை கழட்டி கீய பார்த்துட்டு போட்டோ போடுறேன்.