சேது கால்வாய் வந்தால் மேலூர் கிரானைட்டுக்கு சரக்குக் கட்டணம் குறையுமா?

வைகைக்கரை:
கப்பல்கள் இலங்கையைச் சுற்றாமல் போக, நமக்கும் இலங்கைக்கும் நடுவே கடலடியை ஆழப்படுத்தும் சேது திட்டத்துக்கு 2005 ஜூலை 2-ல் நம்ம மதுரையில்தான் தொடக்க விழா நடந்தது. வெட்டி முடித்திருந்தால் தூத்துக்குடி வழியா ஏற்றுமதி செய்கிறவர்களுக்கு என்ன லாபம்?

மாலுமி:
கன்டெய்னர் கிரானைட்டுக்கு அநேகமா ஒன்றுமில்லைங்க. திட்டம் 167 கி.மீ. நீளம், 300 மீ. அகலம், 12 மீ. ஆழம், சுமார் 30,000 டன் கப்பலுக்கானது. சரக்கு நிறைந்த பெரிய கன்டெய்னர் கப்பல் 14 மீட்டருக்கு மேல் அமிழும், உள்ளேயே வராது. தூத்துக்குடி-சென்னை ஓட்டத்துக்குத்தான் நல்ல மிச்சம். நிலக்கரி, சிமென்ட்காரர்கள் சந்தோஷப்படலாம். ஐரோப்பாவிலிருந்து கொல்கத்தா போகிற கப்பலுக்கு இலங்கையைச் சுற்றுவது அவ்வளவு பெரிய சுற்றில்லை. கால்வாய்க்குள் வேகத்தைக் குறைக்கணும், வழிகாட்டும் பைலட்டை ஏற்றணும், கால்வாய்க் கட்டணமும் கட்டணும். மிச்சமான டீசல் அதிலேயே போய்விடும்.

மணல்திட்டு:
வெட்டுவதைவிட வெட்டியதைக் காப்பதுதான் செலவு. சூயஸ் பாலைவனத்தில் தோண்டியது, கரை இருக்கு. இது திறந்த கடலடியில் வெட்டும் பள்ளம். பருவக்காற்று மாறும்போது நீரோட்டமும் மாறி, மணலைக் கொண்டுவந்து பள்ளத்தில் தள்ளும். சரிவும் இடிந்து விழும். ஆண்டுதோறும் தூர்வாரணும், வாரிய மண்ணை மன்னார் வளைகுடாப் பவளத்திட்டுப் பக்கம் கொட்டவும் முடியாது.

தெற்குவாசல்:
அரசியலையும் சேர்த்துக்குங்க. இலங்கையோடு போட்ட 1974, 1976 ஒப்பந்தக் கடல் எல்லைக்கோடு பக்கத்திலேயே ஓடுது. ராமர் பாலத் திட்டில் தோண்ட 2007-ல் உச்ச நீதிமன்றம் தடை போட்டது. பெரிய கப்பலுக்குச் சரக்கை மாற்றிவிட கொழும்பை நம்பியிருப்பதைக் குறைக்கணும்னா கால்வாயைவிட ஆழமான துறைமுகமே வழி, கேரளத்து விழிஞ்ஞம் துறைமுகம் அதுக்குத்தான். மேலூர்க்காரர்கள் இப்போதைக்கு விழிஞ்ஞம் வழியா அனுப்புற ரேட்டையும் கேட்டுப் பாருங்க.