இரண்டு 1080 டிஐ, ஒரே 750 வாட் எஸ்எம்பிஎஸ்: ஆட்டத்தின் நடுவே அணைந்துவிடுகிறது

மொட்டைமாடி

வணக்கம். வேலூரிலிருந்து எழுதுகிறேன். கத்திரி தொடங்கி ஒரு வாரம் ஆகிறது என்று சொன்னால் மீதி உங்களுக்கே புரிந்துவிடும். என் கணினி மொட்டைமாடி அறையில் இருக்கிறது. மாலை நான்கு மணிக்கு மேற்குச் சுவரில் கை வைக்க முடியாது. சுவரில் மாட்டிய வெப்பமானி நேற்று 38 காட்டியது, அதுவும் மின்விசிறி ஓடும்போதே.

ஏற்கெனவே ஒரு ஜிடிஎக்ஸ் 1080 டிஐ கிராபிக்ஸ் கார்டு வைத்திருந்தேன். போன மாதம் தெரிந்தவர் ஒருவர் அதே மாதிரியான இன்னொரு கார்டை மலிவாகக் கொடுத்தார், இரண்டு கார்டையும் சேர்ந்து வேலை செய்ய வைக்கும் எஸ்எல்ஐ இணைப்புப் பாலத்தோடு. பிராசஸர் ஐ7 8700கே. கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ் 750 வாட், ஐந்து வருடப் பழையது.

தொல்லை இரண்டு. ஆட்டம் தொடங்கி கால் மணி நேரத்தில் கணினி பட்டென்று அணைகிறது. நீலத்திரை கிடையாது, எச்சரிக்கையும் கிடையாது. பிறகு பொத்தானை அழுத்தினாலும் எழுவதில்லை. பின்பக்க சுவிட்சை அணைத்துச் சற்றுப் பொறுத்துப் போட்டால்தான் உயிர் வருகிறது. அடுத்தது, மேல் கார்டு 84 டிகிரியில் போய் நிற்கிறது, கீழ் கார்டோ 71தான். மேல் கார்டின் வேகம் 1900 மெகாஹெர்ட்ஸிலிருந்து 1550க்கு இறங்கிவிடுகிறது.

1000 வாட் எஸ்எம்பிஎஸ் வாங்கினால் இரண்டுமே சரியாகிவிடுமா? அறைக்குள் வந்த அம்மா, "உள்ளே ஏதாவது அடுப்பு வைத்திருக்கிறாயா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

பற்றவைப்பு

தம்பி, திருச்சியில் பத்தொன்பது வருடமாகக் கணினி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். பணத்தை எடுப்பதற்கு முன் இரண்டு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்.

கணினி அணையும் நொடியில் மானிட்டர் எரிகிறதா, அதுவும் சேர்ந்து அணைகிறதா? மானிட்டர் எரிந்துகொண்டே "சிக்னல் இல்லை" என்று காட்டினால் எஸ்எம்பிஎஸ்ஸைச் சந்தேகிக்க வேண்டும். இரண்டும் ஒன்றாக அணைந்தால் யுபிஎஸ்ஸையோ ஜங்ஷன் பாக்ஸையோ பார்க்க வேண்டும். 600 விஏ என்று எழுதிய சிறிய யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்டுக்கு மேல் தாங்காது. அதில் இரண்டு கார்டு கணினியைச் செருகியவர்கள் என் கடைக்கு வந்திருக்கிறார்கள்.

இரண்டாவது, ஒவ்வொரு கார்டுக்கும் மின்சாரம் எந்த வயர் வழியாகப் போகிறது? ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொல்லுங்கள். "எல்லாம் சரியாகத்தான் செருகியிருக்கிறேன்" என்ற பதில் வேண்டாம்.

மொட்டைமாடி

மானிட்டர் எரிகிறது, அண்ணா. யுபிஎஸ் இல்லை, நேரடியாகச் சுவர் பிளக்கில்தான் போட்டிருக்கிறேன்.

வயர் விஷயத்தில் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. கார்டு ஒவ்வொன்றிலும் எட்டு முள் இணைப்பு இரண்டு, ஆக மொத்தம் நான்கு தேவை. என் எஸ்எம்பிஎஸ்ஸில் மூன்றுதான் வருகின்றன. நான்காவதற்கு, பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் போடும் நான்கு முள் மோலெக்ஸிலிருந்து எட்டு முள்ளுக்கு மாற்றும் வயர் ஒன்றைக் கடையில் வாங்கிப் போட்டிருக்கிறேன்.

பற்றவைப்பு

இப்போதே அணைத்து, அந்த மாற்று வயரைக் கழற்றுங்கள். மஞ்சள் வயர் நுழையும் இடத்தில் வெள்ளை பிளாஸ்டிக்கின் நிறத்தைப் பாருங்கள். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தும் பாருங்கள்.

இனி கணக்கு. 1080 டிஐ ஒன்று 250 வாட், இரண்டுக்கு 500. உங்கள் பிராசஸர் காகிதத்தில் 95 வாட் என்றாலும் வேகம் ஏறும்போது அதைத் தாண்டும், 120 என்று வையுங்கள். மதர்போர்டு, ராம், டிஸ்க், விசிறி எல்லாவற்றுக்கும் 50. ஆக 670. "750க்குள்தானே இருக்கிறது?" என்பீர்கள். கார்டு இழுக்கும் மின்சாரம் சமமான கோடு அல்ல. கண் சிமிட்டும் நேரத்தில் ஒரு பங்காக இருக்கும் மில்லி நொடிகளில் அது 250ஐத் தாண்டிக் குதித்து இறங்கும். இரண்டு கார்டும் ஒரே சமயம் குதித்தால் எஸ்எம்பிஎஸ்ஸின் பாதுகாப்புச் சுற்று தன்னையே பூட்டிக்கொள்ளும். பின் சுவிட்சை அணைத்துப் போட்டால்தான் எழுகிறது என்றீர்களே, அதுதான் இந்தப் பூட்டு. போதாததற்கு ஐந்து வருடப் பழையது, 38 டிகிரி அறை. எஸ்எம்பிஎஸ் சூடாகச் சூடாகக் கொடுக்கும் திறன் குறையும்.

மாற்று வயர் வேறு சங்கதி, இதைவிட மோசமானது. எட்டு முள் இணைப்பு 150 வாட் வரை தரலாம் என்பது விதி. ஆறு முள்ளுக்கு 75, மதர்போர்டு ஸ்லாட் வழியாக 75. மோலெக்ஸ் இணைப்பில் 12 வோல்ட் வருவது ஒரே ஒரு மஞ்சள் வயரில். முள் சற்றுத் தளர்ந்திருந்தாலும் அந்த இடம் சூடாகும், சூடானால் இன்னும் தளரும். கணினி அணைந்துபோவது உங்கள் அதிர்ஷ்டம், அணையாமல் ஓடியிருந்தால்தான் பயப்பட வேண்டும்.

காசு செலவில்லாத ஒரு சோதனை இருக்கிறது. ஒரு கார்டைக் கழற்றி வையுங்கள், மற்றதை முழு வேகத்தில் ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். பிறகு கார்டை மாற்றி இன்னொரு மணி நேரம். தனித்தனியாக ஓடி, சேர்த்தால் மட்டும் அணைந்தால் கார்டுகள் மேல் பழியில்லை.

நிழல்தேடி

மின்சாரத்தை அண்ணன் பார்த்துக்கொள்வார், நான் சூட்டுக்கு வருகிறேன். 2018இல் ஜெயங்கொண்டத்தில் இதே போல் இரட்டைக் கார்டு வைத்து இரண்டு கோடை தவித்தவன்.

84 என்பது தற்செயலாக வந்த எண் அல்ல. 1080 டிஐக்கு ஆலையிலேயே வைத்த வெப்ப இலக்கு அது. அதைத் தொட்டதும் கார்டு தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. எஸ்எல்ஐயில் ஒரு கார்டு ஒரு பிரேமையும் (திரையில் தோன்றும் ஒரு படம்) மற்றது அடுத்த பிரேமையும் மாறி மாறி வரைவதால், மேல் கார்டு நொண்டினால் ஜோடியே நொண்டும். கீழ் கார்டு 71இல் குளிர்ந்து கிடப்பதால் பயன் ஒன்றுமில்லை.

கேபினெட்டைத் திறந்து இரண்டு கார்டுக்கும் நடுவே விரலை விட்டுப் பாருங்கள். ஒரு விரல் நுழைந்தால் அதிகம். மேல் கார்டின் விசிறிகள் கீழ்நோக்கி இருக்கின்றன. அவை உறிஞ்சுவது கீழ் கார்டின் முதுகில் தவழும் சூடான காற்றைத்தான். இப்படி இரண்டு மூன்று விசிறி வைத்த கார்டுகள் சூட்டைக் கேபினெட்டுக்குள்ளேயே கொட்டும். ஒற்றை விசிறியால் காற்றைப் பின்பக்கமாக வெளியே ஊதும் புளோயர் வகைக் கார்டுகள் இரைச்சலானவை, ஆனால் ஜோடியாக வைப்பதற்கு அவையே தோது. 2014இல் ஏஎம்டி ஒரே பலகையில் இரண்டு சிப் வைத்த ஆர்9 295எக்ஸ்2 கார்டை வெளியிட்டபோது, 500 வாட்டைக் காற்றால் சமாளிக்கப் பார்க்காமல் ஆலையிலேயே நீர்க்குளிரூட்டி மாட்டி அனுப்பியது.

நான் செய்ததைச் சொல்கிறேன். முதலில் கேபினெட்டைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்தேன். முன்பக்கம் இருந்த பழைய டிஸ்க் கூண்டைக் கழற்றி எறிந்தேன், காற்றை மறித்துக்கொண்டு நின்றது அதுதான். பிறகு 120 மில்லிமீட்டர் விசிறி ஒன்றைக் கார்டுகளின் இடைவெளியை நோக்கி ஜிப் டையால் கட்டினேன். பார்க்க அசிங்கமாக இருந்தது, ஆனால் மேல் கார்டு ஆறு டிகிரி இறங்கியது. கண்ணாடிப் பக்கக் கதவை மூடி வைத்தே அளந்து பாருங்கள். கதவைத் திறந்து வைத்து விளையாடினால் சூடு குறையும், பல்லி உள்ளே குடிவரும். நகைச்சுவைக்காகச் சொல்லவில்லை.

எல்லாவற்றையும்விடப் பலன் தந்தது கார்டின் அமைப்புகளை மாற்றும் ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் மின் வரம்பைக் குறைத்தது. 100 சதவீதத்திலிருந்து 75க்கு இழுத்தால் கார்டுக்கு 60 வாட்டுக்கு மேல் மிச்சம். வேகம் அதே அளவுக்கு இறங்காது, ஏனென்றால் கடைசிச் சில மெகாஹெர்ட்ஸுக்குத்தான் மின்சாரம் தண்ணீராய்ச் செலவாகிறது. பொறுமை இருந்தால் எந்த வோல்டேஜில் எந்த வேகம் என்று காட்டும் வளைகோட்டை அதில் திறந்து 0.9 வோல்ட்டில் 1800 மெகாஹெர்ட்ஸ் நிற்கிறதா என்று பாருங்கள்.

கணினி இழுக்கும் ஒவ்வொரு வாட்டும் கடைசியில் அறைக்குள்தான் சூடாக வருகிறது. சுவரிலிருந்து 790 வாட் இழுத்தால், ஒரு டன் ஏசியின் குளிர்விக்கும் திறனில் கால் பங்குக்குச் சற்றுக் குறைவாக அதுவே விழுங்கிவிடும். அம்மா சொன்னது சரி.

ஒற்றைக்கார்டு

நல்ல பதில்களுக்கு நடுவில் நான் கசப்பு மருந்து கொடுக்கிறேன், மன்னிக்கவும். எதற்காக இரண்டு கார்டு? ஆர்டிஎக்ஸ் 20 வரிசை வரையிலான கார்டுகளுக்கு, ஓர் ஆட்டம் இரண்டு கார்டையும் பயன்படுத்த உதவும் புதிய எஸ்எல்ஐ டிரைவர் அமைப்புகளைச் சேர்ப்பதை 2021 ஜனவரி 1 முதல் என்விடியா நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகு வந்த ஆட்டங்களில் பெரும்பாலானவற்றில் உங்கள் இரண்டாவது கார்டு சும்மா உட்கார்ந்து சூடேறும். கார்டின் நினைவகமும் அதிகரிக்காது, 11 ஜிபியும் 11 ஜிபியும் சேர்ந்து 22 ஆகாது. ஒன்றை விற்றுவிட்டால் 750 வாட் தாராளமாகப் போதும். அறையும் குளிரும்.

பற்றவைப்பு

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் தம்பி கேட்டது விற்பதைப் பற்றி அல்ல.

மொட்டைமாடி

நான்கு நாள் கழித்து வருகிறேன். முதலில் மோலெக்ஸ் மாற்று வயர். மஞ்சள் வயர் நுழையும் துளையைச் சுற்றி டிகாக்‌ஷன் சிந்தியது போல் பழுப்பு நிறம். முள்ளைப் பிடித்து இழுத்தால் பிளாஸ்டிக்கும் சேர்ந்து இழுபட்டு வந்தது. முகர்ந்தும் பார்த்தேன். இனி சொல்ல ஒன்றுமில்லை.

கார்டுகள் தனித்தனியாக ஒரு மணி நேரம் ஓடின, இரண்டுமே அணையவில்லை. ஆக, எஸ்எம்பிஎஸ்தான். அலுவலக நண்பரிடமிருந்து 1000 வாட் ஒன்றை இரவல் வாங்கி, நான்கு இணைப்புக்கும் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்தே வரும் வயர்களைப் போட்டேன். மின் வரம்பு 75. டிஸ்க் கூண்டு போனது, இடைவெளிக்கு நேரே ஒரு விசிறி கட்டினேன். நேற்று மாலை தொடர்ந்து மூன்று மணி நேரம் விளையாடினேன். மேல் கார்டு 76, கீழ் கார்டு 67. முன்பு நொடிக்கு 104 பிரேம் வந்த இடத்தில் இப்போது 98. ஆனால் முன்பு பத்து நிமிடத்தில் 80க்கு விழும், இப்போது கடைசிவரை 98லேயே நிற்கிறது.

ஒற்றைக்கார்டு அண்ணாவுக்கு: நான் விளையாடுவது பெரும்பாலும் 2018க்கு முந்தைய ஆட்டங்கள், அவற்றில் இரண்டு கார்டும் வேலை செய்கின்றன. புதிய ஆட்டம் வாங்கும் நாளில் உங்கள் பேச்சைக் கேட்கிறேன்.

பற்றவைப்பு

இரவல் எஸ்எம்பிஎஸ்ஸைத் திருப்பிக் கொடுக்கும்போது அதன் வயர்களையும் எண்ணிக் கொடுங்கள். ஒரு நிறுவனத்தின் வயரை இன்னொரு நிறுவனத்தின் எஸ்எம்பிஎஸ்ஸில் செருகினால் முள் வரிசை மாறிக் கார்டே போய்விடும், பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும்.

அந்தக் கருகிய மாற்று வயரைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள், கூரியரில் எனக்கு அனுப்புங்கள். கடைச் சுவரில் இதே வகை பதினொன்று தொங்குகின்றன. "இது போதாதா, அண்ணே?" என்று வாடிக்கையாளர் கேட்டால் கையால் காட்டுவேன்.