‘ஹராகிரி’யை முதன்முதலில் பார்த்த அன்று

வாள்சண்டைப் படம் என்று நம்பித்தான் உட்கார்ந்தேன். 1962-இல் மசாகி கோபயாஷி எடுத்த கறுப்பு வெள்ளை ஜப்பானியப் படம். பார்த்தால், ஒருவர் ஒரு பிரபுவின் மாளிகை முற்றத்தில் விரித்த பாயில் உட்கார்ந்து கதை சொல்கிறார், மாளிகையின் காரியஸ்தர் தாழ்வாரத்திலிருந்து கேட்கிறார். வெகுநேரம் இவ்வளவுதான். ஆனாலும் எழுந்துபோக மனம் வரவில்லை.

கதை நடப்பது 1630-இல், எடோவில், அதாவது இன்றைய டோக்கியோவில். அனுமதி வாங்காமல் கோட்டையைப் பழுதுபார்த்தார் என்று ஹிரோஷிமாவின் ஃபுகுஷிமா பிரபுவிடமிருந்து 1619-இல் நாட்டை ஆண்ட ஷோகுன் என்ற ராணுவத் தலைவரின் அரசு சீமையைப் பறித்தது. இது நிஜ வரலாறு. அவரை நம்பியிருந்த சாமுராய்கள் நடுத்தெருவுக்கு வந்தார்கள். போர் ஓய்ந்த நாட்டில் வாள்காரனுக்கு என்ன வேலை? அப்படி வந்தவர்களில் ஒருவர்தான் முற்றத்தில் கதை சொல்லும் நாயகன் ஹன்ஷிரோ. குடைக்குக் காகிதம் ஒட்டிப் பிழைக்கிறார். மருமகனோ குடும்பத்துக்காக வாளையே விற்றுவிட்டு, உறைக்குள் மூங்கில் வாளைச் செருகி வைத்திருக்கிறான். ‘வயிற்றைக் கிழித்துக்கொள்ள இடம் கொடுங்கள்’ என்று அவன் மாளிகை வாசலில் வந்து நிற்பது ஏதாவது காசு கொடுத்து அனுப்பிவிடுவார்கள் என்றுதான். அவர்கள் அந்த மூங்கிலாலேயே கிழித்துக்கொள்ளச் சொல்கிறார்கள். அந்தக் காட்சியில் நான் கண்ணை மூடிக்கொண்டேன். சத்தம் கேட்டது, அதுவே போதும்.

என்னை அழவைத்தது அதுவல்ல, அதற்கு அப்புறம் வருவது. பையனின் பிணத்தைக் கொண்டுவந்து போடுகிறார்கள். தன் வாளை விற்கலாம் என்று தனக்கு ஒருநாளும் தோன்றவில்லையே என்று ஹன்ஷிரோ உடைந்துபோகிறார். இடுப்பில் இருந்ததை அப்படியே வீசி எறிகிறார்.

—

அந்த இடத்தில் நான் படத்தை நிறுத்திவிட்டேன். மில் மூடியபிறகு எங்கள் அப்பா ஓடாத வாட்சைக் கட்டிக்கொண்டுதான் வெளியே போவார். யாராவது மணி கேட்டால் பார்க்காமலே ஏதோ ஒரு நேரம் சொல்வார். சாவி கொடுக்க மறந்துவிட்டார் என்று பல வருடம் நினைத்திருந்தேன்.

—

இந்தப் படத்தைப் பற்றி இருவர் எழுதியதைப் படித்துவிட்டு நேற்றிரவு மறுபடி போட்டேன். பேரன் எடுத்த தாத்தா ஹன்ஷிரோவாக வரும் தட்சுயா நகடாய்க்கு அப்போது வயது 29! மருமகனாக நடித்தவர் அவரைவிட இரண்டே வயது இளையவர். குரலை அடித்தொண்டைக்கு இறக்கியே கிழவனாகிவிடுகிறார் மனுஷன்.

சண்டை வருமா என்று கேட்பவர்களுக்கு: வரும். காற்றில் புல் அலையடிக்கும் வெட்டவெளியில் ஒன்று, கடைசியில் மாளிகைக்குள் ஒன்று. ஆனால் அந்த மாளிகைச் சாமுராய்களிடமிருந்து அறுத்தெடுத்த குடுமிகளை ஹன்ஷிரோ மடியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் போடுவதைப் பாருங்கள். காரியஸ்தரின் முகத்தையும்.