பழைய துப்பறியும் நாவல் சவால்: எந்தப் புத்தகம் காலை வாரியது?

பச்சை அட்டை, டர்பன்:
படித்த ஒவ்வொரு புத்தகத்துக்கும் சவால் அட்டையில் ஒரு கட்டம். எனக்கு 11 கட்டம் நிரம்பியாச்சு. பன்னிரண்டாவதுக்கு அகதா கிறிஸ்டியின் 'டெத் இன் தி ஏர்'. விமானத்துக்குள் குளவி பறக்கிற இடம் வந்ததும்தான் பொறி தட்டியது. இது மூன்றாம் கட்டத்தில் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் 'டெத் இன் தி கிளவுட்ஸ்'! 1935இல் லண்டனில் ஒரு பெயர், அமெரிக்காவில் இன்னொன்று. 'லார்ட் எட்ஜ்வேர் டைஸ்', 'தர்ட்டீன் அட் டின்னர்' ஜோடியும் அப்படித்தான். தலைப்புப் பக்கத்தின் பின்புறம் பெரும்பாலும் பொடி எழுத்தில் மற்றப் பெயர் இருக்கும், முதலில் அதைப் பாருங்கள். கட்டத்தில் தலைப்போடு செத்தவர் பெயரையும் குறித்து வைத்தால் இரட்டிப்பு உடனே பிடிபடும்.

திண்ணை வாசகர்:
எனக்கு உறுத்துவது கிறிஸ்டியின் 'கர்ட்டன்'. அவரது துப்பறிவாளர் பைரோ சக்கர நாற்காலியில், அதுவும் முதல் நாவலின் அதே ஸ்டைல்ஸ் வீட்டில். எழுதியது இரண்டாம் உலகப் போர்க்காலம், அச்சேறியது 1975. வாசனை முழுக்கப் பழசு. 1960க்கு முந்தைய பிரிவில் சேர்த்தால் என்ன தப்பு?

மாரிட்ஸ்பர்க் அக்கா:
தப்புதான் தம்பி. அச்சான ஆண்டுதான் கணக்கு. எழுதிய ஆண்டு என்று ஆரம்பித்தால் ஆளுக்கொரு தேதி சொல்வார்கள். 1960 முதல் 1989 வரையிலான பிரிவில் போடுங்கள், அங்கேதான் ஆள் குறைவு.

அதே பிரிவுக்கு ஜேம்ஸ் மெக்ளூரின் 'தி ஸ்டீம் பிக்', 1971. அதில் வரும் டிரெக்கர்ஸ்பர்க் நம்ம பீட்டர்மாரிட்ஸ்பர்க்தான். கூர் தீட்டிய சைக்கிள் கம்பியால் அக்குளில் குத்து, வெளியே காயம் தெரியாது. அந்தப் பக்கத்தைத் தாண்டி இன்னும் மனசு போகவில்லை. ஒரு எச்சரிக்கை: 1950ஆம் ஆண்டின் தென்னாப்பிரிக்க மக்கள்பதிவுச் சட்டம் மனிதரை நிறவாரியாகப் பிரித்துப் பதிந்தது தெரியாமல் படித்தால் முக்கியத் துப்பு கண்முன்னே நழுவிவிடும்.

பச்சை அட்டை, டர்பன்:
நம்ம நாட்டுக் கதை 1960க்கு முன்னால் வேண்டும் என்றால் கிறிஸ்டியின் 'தி மேன் இன் தி பிரவுன் சூட்', 1924. கேப்டவுன் பக்கத்து மைசன்பர்க் கடலில் அலைச்சறுக்கு காட்சிகூட உண்டு. புதிர் சுமார்தான்.

பாரக்கணக்கு:
எல்லாரும் ஆங்கிலத்திலேயே நிற்கிறீர்களே. வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே. ஆர். ரங்கராஜு, ஆரணி குப்புசாமி முதலியார் எல்லாம் சவாலுக்குக் கச்சிதம். ஆனால் ஒரு பழைய பிரதியில் துப்பறிவாளர் "கொலையாளி இதோ" என்று கை நீட்டுகிறார், அத்தோடு அட்டை! கடைசி பாரம், அதாவது சேர்த்து மடித்துத் தைத்த கடைசிப் பக்கக் கட்டு, கழன்று போயிருக்கிறது. ஒவ்வொரு பாரத்தின் முதல் பக்க அடியிலும் சின்ன எண் இருக்கும், பெரும்பாலும் 8 அல்லது 16 பக்கத்துக்கு ஒன்று. வாங்குமுன் அந்த வரிசையைச் சரிபாருங்கள். ஆண்டு 'பிரமோதூத' என்று மட்டும் இருந்தால் 1930 ஏப்ரல் முதல் 1931 ஏப்ரல் வரை. அறுபது வருடம் கழித்து அதே பெயர் திரும்ப வரும் என்பதால் எழுத்தையும் பாருங்கள். ணை, லை, னை துதிக்கை போல் வளைந்த பழைய யானைக்கொம்போடு இருந்தால் பெரும்பாலும் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சு.

ஈரக்காற்று:
பழைய புத்தகம் என்றதும் ராமபாணப் பூச்சியைச் சொல்லியாக வேண்டும். டர்பன் ஈரத்தில் அது பசையையும் காலிகோ துணி அட்டையையும் அரிக்கும். புத்தகத்தை இரண்டு ஜிப் பைகளில் ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டு, காற்றைப் பிதுக்கி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்ததும் பையைத் திறக்கக் கூடாது. ஒரு நாள் முழுக்க அறைச்சூட்டுக்கு வரட்டும், இல்லாவிட்டால் குளிர்ந்த தாளில் நீர் கோத்துப் பக்கம் ஒட்டும். பூஞ்சை இதில் சாகாது, தூங்கும், அவ்வளவுதான். அதற்கு அலமாரி ஈரப்பதம் 60 விழுக்காட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வையுங்கள். முடை நாற்றத்துக்கு மூடிய பெட்டியில் புத்தகத்தின் பக்கத்தில் கிண்ணத்தில் சோடா உப்பு, தாளில் படாமல், பத்து நாள். அந்துருண்டை வேண்டாம், அந்த வாடை போகவே போகாது. 1960களின் காகித அட்டைப் பதிப்பில் முதுகுப் பசை காய்ந்து நொறுங்கும். 90 டிகிரிக்கு மேல் விரிக்காதீர்கள்.

திண்ணை வாசகர்:
அண்ணே, கேட்டது 'கர்ட்டன்' எந்தக் கட்டம் என்று. ஃப்ரீசரில் மீன் இருக்கிறது. அக்கா, 1975க்கே மாற்றிவிட்டேன், இப்போது பழைய பிரிவில் ஒரு கட்டம் காலி. ரங்கராஜு யாரிடமாவது முழுசாக, கடைசி பாரத்தோடு இருக்கிறதா?