தலையீத்து காங்கேயம் மாடு கிட்டயே விட மாட்டேங்குது, ஒரு காம்பு கட்டிப்போச்சு

இடம் தாராபுரம் பக்கம். மயிலை (சாம்பல் நிற) மாடு, வயசு 4, இதுதான் முதல் ஈத்து. காளைக்கன்னு போட்டு 11 நாள் ஆச்சு. நஞ்சுக்கொடி அன்னைக்கே விழுந்துடுச்சு. தீனி, அசை எல்லாம் சரி.

கன்னுக்குப் பத்தடி தூரத்துல யார் வந்தாலும் தலையைத் தாழ்த்தி மூச்சைச் சீறுது, முன்னங்காலால மண்ணைப் பறிக்குது, அடுத்தது பாய்ச்சல்தான். ஈனுறதுக்கு முன்னாடி சின்னப் பையன் கயிறு பிடிச்சாலும் நின்ன மாடு! கட்டுத்தரைப் பக்கம் நாய் வந்த நாள்ல இன்னும் மோசம்.

கன்னு மூணு காம்புல குடிக்குது, இடது பின்காம்பைத் தொடுறதே இல்ல. அந்தப் பக்கம் மடி கல்லு மாதிரி இருக்கு. உடம்புச் சூடு 102 டிகிரி, மாட்டுக்கு அது காய்ச்சல் இல்ல. முதல் பீய்ச்சைக் கறுப்புத் தட்டுல பிடிச்சுப் பார்த்தாச்சு, பால்ல திரி (கட்டி கட்டியா) இல்ல. டாக்டரும் பார்த்துட்டு மடிநோய் இல்ல, தேங்க விடாம கறந்துடுங்கன்னு சொல்லிட்டார். கறக்குறதுதான் பாடு.

கன்னை மறைச்சுக் கட்டினா ஒரே கத்தல், பாலை அடக்கிடுது. மிரண்ட மாடு சுரப்பு விடாது, அது தெரிஞ்சதுதான். பின்னங்கால் ரெண்டையும் சேர்த்துக் கட்டினா படுத்துக்குது. முன்னால பருத்திக்கொட்டையும் தவிடும் வெச்சா வாய் தீனியில, கால் உதையில. கன்னு வலப்பக்கம் குடிக்கும்போதே இடப்பக்கம் கை வெச்சதுல மட்டும் நாலஞ்சு பீய்ச்சு கிடைச்சுது, அதுக்குள்ள உதை.

கன்னைப் பிரிக்காம, காலைக் கட்டாம, அந்த ஒரு காம்பை முழுசா கறந்து எடுக்க என்ன வழி?