கோழிக்கு தண்ணில உள்ளி (பூண்டு), வினாகிரி கலந்து குடுக்கலாமா?

கொட்டாஞ்சேனைல மொட்டை மாடில கொஞ்சம் முட்டைக்கோழி வளர்க்கிறன். இந்த வெக்கைக்கு முட்டை குறைஞ்சிட்டுது, கடை மருந்து வேணாம், இயற்கையா தண்ணில என்ன கலக்கலாம் சொல்லுங்கோ?

தெஹிவளை கோழிக்கூடு:
முதல்ல வெறுந்தண்ணிய பாருங்கோ தம்பி. முட்டைல முக்கால்வாசி தண்ணிதான், கோழி தின்னுற தீனிக்கு ரெண்டு மடங்கு குடிக்கும், வெயிலுக்கு இன்னும் கூட, மாடி டாங்க் தண்ணி சுட்டா அது குடிக்காது பிறகு முட்டை எப்பிடி வரும்? நிழல்ல வச்சு மத்தியானம் கட்டாயம் மாத்துங்கோ. உள்ளி இடிச்சு ஊறவச்ச தண்ணி குடுக்கலாம், பின்னேரம் மிச்சத்த ஊத்திடுங்கோ.

வத்தளை அக்கா:
தேங்காய் வினாகிரி 4 லீட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி விடுறன். பிளாஸ்டிக் பாத்திரம் மட்டும், தகர வாளில விட்டா அதில பூசியிருக்கிற நாகம் (சிங்க்) கரைஞ்சு கோழிக்கு நஞ்சு. தடுப்பு மருந்து தண்ணில குடுக்கிற நாள் ஒண்டும் கலக்காதீங்கோ, பைப் தண்ணி குளோரினே அந்த மருந்த கெடுத்துடும்.

கேட்டவர்:
நன்றி அக்கா, முருங்கை இலை?

வத்தளை அக்கா:
அத நறுக்கி தீனியோட போடுங்கோ, தண்ணில கிடந்தா அழுகும். முட்டை ஓட்டுக்கு சிப்பித்தூள் தனியா வைங்கோ, வினாகிரில கல்சியம் வராது.